விலக்கு: தடையா, விடுதலையா?

2 பிப்ரவரி 2025, ஞாயிறு (கேள்வி)

என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். சொற்களுக்குப் பொருள் எழுதும் பயிற்சியில் 'மதுவிலக்கு' என்பதற்கு 'மதுவுக்குத் தடை' என்று எழுதினாள். சரி என்று மதிப்பெண் கிடைத்தது. அதே துணிவில் 'வரிவிலக்கு' என்பதற்கு 'வரிக்குத் தடை' என்று எழுதினாள், தவறாகிவிட்டது. 'விதிவிலக்கு' வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஒரே சொல் ஓரிடத்தில் 'செய்யாதே' என்றும், இன்னோரிடத்தில் 'நீ செய்ய வேண்டியதில்லை' என்றும் எப்படிச் சொல்ல முடியும்? இது குழப்பமான சொல், எல்லா இடத்திலும் 'தடை' என்றே எழுதிவிட்டால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள் என்பது என் கருத்து.

2 பிப்ரவரி 2025, இரவு 10.15 (பதில்)

சொல்லில் குழப்பம் இல்லை. சொற்கள் சேரும்போது மறைந்துபோகும் வேற்றுமை உருபை நாம் தேடாததால் வரும் குழப்பம் இது. மதுவிலக்கை விரித்தால் 'மதுவை விலக்குதல்' என்று வரும். இரண்டாம் வேற்றுமைத் தொகை. வரிவிலக்கை விரித்தால் 'வரியிலிருந்து விலக்குதல்' என்று வரும். நீக்கப் பொருளில் அமைந்த ஐந்தாம் வேற்றுமை. முன்னதில் பொருளை நம்மிடமிருந்து அகற்றுகிறார்கள். பின்னதில் நம்மையே வரியிடமிருந்து அகற்றுகிறார்கள். அகற்றும் செயல் இரண்டிலும் ஒன்றுதான். எது நகர்கிறது, எதிலிருந்து நகர்கிறது என்பது மட்டுமே மாறுகிறது. உங்கள் மகளிடம் 'ஐ'யா, 'இலிருந்து'வா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவளே விடை சொல்லிவிடுவாள்.

3 பிப்ரவரி 2025

அலுவலகத்திற்குப் போகும் வழியில் இன்னொரு சோதனை தோன்றியது. பெயரை விட்டுவிட்டு, அதனோடு சேரும் வினையைப் பாருங்கள். தடையை விதிப்பார்கள், போடுவார்கள், தளர்த்துவார்கள், நீக்குவார்கள், மீறுவார்கள். விலக்கை அளிப்பார்கள், கோருவார்கள், பெறுவார்கள். 'தடை அளித்தார்' என்று எவரும் எழுதுவதில்லை. 'விலக்கு விதித்தார்' என்பதும் காதுக்கு ஒட்டவில்லை. கேட்டுப் பெறுவதாக இருந்தால் அது விடுதலை. வரிக்கு உள்ளூர் எடுத்துக்காட்டு சொல்வதென்றால், இங்கே சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. குடியிருப்பு வீட்டை விற்பதற்கு அந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. இந்த வாக்கியத்தில் 'விலக்கு' இருக்கும் இடத்தில் 'தடை'யை வைத்தால், வீடு விற்கவே முடியாது என்று ஆகிவிடும்.

எல்லா இடத்திலும் 'தடை' என்றே எழுதலாம் என்னும் உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை. 1992இல் சூயிங்கம் விற்பனைக்குத் தடை வந்தது. 2004இல் மருத்துவப் பயனுள்ள சில வகைகளுக்கு விலக்கு வந்தது. இந்த இரண்டு வாக்கியங்களிலும் ஒரே சொல்லைப் போட்டால் சட்டம் என்ன சொல்கிறது என்பதே தலைகீழாகும்.

5 பிப்ரவரி 2025

விதிவிலக்கைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் மூன்றிலும் அதுவே ஆழமானது. இன்று அதற்கு 'விதியிலிருந்து விலகி நிற்பது' என்று பொருள் கொள்கிறோம். உரையாசிரியர்கள் காலத்தில் அந்த இரு சொற்களும் எதிரெதிராக நின்ற இணை. திருக்குறள் உரையின் தொடக்கத்தில் பரிமேலழகர் அறத்திற்கு இலக்கணம் சொல்லும்போது, 'அறமாவது மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் ஆம்' என்கிறார். அங்கே விதி என்பது 'செய்', விலக்கு என்பது 'செய்யாதே'. வடமொழியில் விதி, நிடேதம் என்று சொல்லும் இணைக்கு நேரானது. ஆகவே அந்தப் பொருளில் 'விதிவிலக்கு' என்று சேர்த்துச் சொன்னால் அது 'விதியும் விலக்கும்' என்று விரியும் உம்மைத் தொகை.

எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் ஒரே தொடர் ஒரு காலத்தில் அறநூலின் இரு பாதிகளையும் சேர்த்துக் குறித்தது; இன்று அந்த நூலுக்குக் கட்டுப்படாத ஓர் ஓரத்தைக் குறிக்கிறது. கல்லூரியில் அந்த உரையைப் படித்தபோது 'விலக்கியன' என்னும் சொல்லில் நான் நின்றதே இல்லை. நேற்று இரவு அலமாரியிலிருந்து எடுத்துத் திரும்பப் படித்தபோது, அந்த ஒரு வரியைக் கடக்க வெகுநேரம் ஆயிற்று.

5 பிப்ரவரி 2025, சற்று நேரம் கழித்து

பிள்ளைகள் 'வரி விளக்கு' என்று எழுதுவதைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். லகர ளகரத்தை ஒலித்துக் காட்டுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. 'விலகு' என்று முதலில் சொல்லச் சொல்லி, பிறகு 'விலக்கு' என்று சொல்லச் சொன்னால் நா பழகிவிடும்.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

இந்தச் சொல்லோடு எனக்குத் தனிப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். மேற்குப் பகுதியில் உள்ள ஒரு தொழிலாளர் தங்குவிடுதிக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் அறிவிப்புகளை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். வார நாள்களில் வருகையாளர்கள் தங்கள் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூடத்துக்கு வருபவர்கள் பதிய வேண்டியதில்லை. நான் சுருக்கமாக, 'ஞாயிறு: வருகையாளர் நுழைவுப் பதிவு விலக்கு' என்று எழுதிக் கொடுத்தேன். வாசலில் சிவப்பு எழுத்தில் ஒட்டினார்கள்.

மறு வாரம் வேறு வேலையாக அங்கே போனபோது, வாசலுக்கு வெளியே ஒருவர் கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார். பைக்குள் எவர்சில்வர் தூக்கு ஒன்று. மூடியின் ஓரத்தில் குழம்பு கசிந்து பையின் அடிப்பகுதி மஞ்சளாகியிருந்தது. தம்பிக்குச் சாப்பாடு கொண்டுவந்தாராம். 'இன்றைக்கு நுழையக் கூடாது என்று போட்டிருக்கிறதே' என்றார். 'நுழைவு' என்று தொடங்கி 'விலக்கு' என்று முடிந்த வரியைச் சிவப்பு எழுத்தில் கண்ட எவரும் அப்படித்தான் படிப்பார்கள். நடுவில் இருந்த 'பதிவு' அவர் கண்ணில் படவே இல்லை. உருபை மறைத்தவன் நான். வெயிலில் நின்றவர் அவர்.

நான் விளக்கம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, 'எங்க ஊர்ல விலக்குன்னா பஸ் நிக்கிற இடம் அண்ணே' என்றார். தேனிப் பக்கத்துக்காரர். ஆண்டிபட்டிக்கு அருகே க.விலக்கு என்றே ஓர் ஊர் இருக்கிறது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி அங்கேதான். மதுரை, விருதுநகர், நெல்லைப் பக்கங்களில் பெருஞ்சாலையிலிருந்து சிற்றூருக்குப் பாதை பிரியும் இடத்திற்கு அந்த ஊரின் பெயரோடு 'விலக்கு' என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். அங்கே யாரும் எதையும் தடுப்பதில்லை, எவருக்கும் சலுகை கொடுப்பதுமில்லை. பாதை விலகுகிறது, அவ்வளவே. சொல்லின் முதற்பொருளை அந்த மனிதர் ஒரு பேருந்து நிறுத்தத்தில் வைத்திருந்தார்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த முடிவு: தடை பாதையின் குறுக்கே நிற்பது, விலக்கு பாதையை விட்டு ஒதுங்குவது. எடு–எடை, கொடு–கொடை, உடு–உடை, விடு–விடை என்னும் வரிசையில் தடு–தடை வருகிறது. வேகத்தடை, தடையோட்டம், தடைக்கல் ஆகிய எல்லாவற்றிலும் வழியில் கிடக்கும் ஒரு பொருள் இருக்கிறது. இயற்பியல் பாடத்தில் மின்தடை என்பது மின்னோட்டத்தைக் குறைக்கும் பண்பு. தமிழ்நாட்டு நாளிதழில் அதே சொல் மின்சாரம் நின்றுபோவது. பழைய உரைகளில் தடைவிடை என்றால் மறுப்பும் அதற்கு மறுமொழியும். வாதத்தின் ஓட்டத்திற்குக் குறுக்கே ஒருவர் ஒரு கேள்வியைப் போடுகிறார், இன்னொருவர் அதை விடுவிக்கிறார்.

11 பிப்ரவரி 2025, தைப்பூசம்

காலையில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை என் மைத்துனரின் காவடியோடு நடந்தேன். காவடியின் முன்னால் நடந்த தொண்டூழியர் ஒருவர் வழி முழுவதும் உரத்த குரலில் சொன்னது ஒரே சொல்தான்: 'வெலகுங்க, வெலகுங்க!' கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. காவடி நடுவே சென்றது. பின்னால் கூட்டம் மறுபடியும் கூடியது. ஒன்பது நாளாகச் சொல்லைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்த எனக்கு, அது கூவி அழைக்கப்பட்டதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

அந்த ஊர்வலம் நடப்பதே ஒரு விலக்கினால்தான். 1964 கலவரங்களுக்குப் பிறகு சமயக் கால்நடை ஊர்வலங்களுக்குத் தடை வந்தது. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்றுக்கும் அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 1973இலிருந்து தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016இல் வழியில் குறிப்பிட்ட இடங்களில் இசைக்க அனுமதி கிடைத்தது. தடையும் விலக்கும் ஒன்றாக முடியாது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டாம். இன்று நாம் நடந்த அந்தப் பாதை, இந்த இரு சொற்களுக்கும் நடுவே கிடக்கிறது.

12 பிப்ரவரி 2025

ஒன்பதாம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். தடை குறுக்கே நிற்கும், விலக்கு ஒதுங்கும் என்று கோடு கிழித்தது அழகாக இருந்தது. ஆனால் பழைய நூல்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நான் மறந்துபோனது நம் எல்லோருக்கும் முதல் வகுப்பிலேயே தெரிந்த வரி: 'ஈவது விலக்கேல்'. ஆத்திசூடியின் நான்காம் வரி. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதைத் தடுக்காதே என்று பொருள். இங்கே விலக்குதல் என்பது முழுக்க முழுக்கத் தடுத்தல்தான்.

கம்பர் இன்னும் தெளிவாக்குகிறார். வேள்விப் படலத்தில், வாமனனுக்கு மண் கொடுக்காதே என்று சுக்கிரன் மறிக்கிறான். மாவலி அவனைக் கடிந்து பேசும் பாட்டில் 'தடுப்பது நினக்கு அழகிதோ' என்று ஓரடியிலும், 'கொடுப்பது விலக்கு கொடியோய்' என்று இன்னோரடியிலும் வருகிறது. ஒரே குற்றத்துக்கு ஒரே பாட்டில் இரண்டு சொற்கள். தடு, விலக்கு இரண்டையும் அவர் ஒரே தட்டில் வைத்திருக்கிறார்.

வேரிலும் அப்படித்தான். இன்று நமக்குத் தெரிந்த இணை விலகு–விலக்கு. பெருகு–பெருக்கு, உருகு–உருக்கு போல. பழைய தமிழில் இன்னோர் இணையும் உண்டு: விலங்கு–விலக்கு, அடங்கு–அடக்கு, ஒதுங்கு–ஒதுக்கு போல. அந்த 'விலங்கு' என்னும் வினைக்குக் குறுக்காகக் கிடத்தல் என்றும், வழியை விட்டு விலகுதல் என்றும் இரு பொருளும் உள்ளன. நிமிர்ந்து நிற்காமல் உடல் குறுக்காக அமைந்ததனால் மிருகம் விலங்கு. குறுக்கே கிடப்பதனால் மலை விலங்கல். காலில் பூட்டும் விலங்கையும் இதோடு சேர்த்து எண்ணுங்கள்.

அப்படியானால் குறுக்கே கிடப்பதும் ஒதுங்குவதும் தொடக்கத்தில் ஒரே காட்சியின் இரு பக்கங்கள். பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது. நடந்துவருகிறவர் விலகிப் போகிறார். மரத்தின் பக்கமிருந்து பார்த்தால் தடை, நடப்பவர் பக்கமிருந்து பார்த்தால் விலகல். பழைய சொல் இரண்டையும் சுமந்தது. இக்காலத் தமிழ் அவற்றைப் பிரித்து, குறுக்கே கிடப்பதைப் பெரும்பாலும் 'தடை'யிடமும் ஒதுங்குவதை 'விலக்கி'டமும் கொடுத்திருக்கிறது. ஒன்பதாம் தேதி நான் சொன்ன வேறுபாடு இன்றைய வழக்கிற்குச் சரி, பிறப்பிற்குச் சரியில்லை.

15 பிப்ரவரி 2025

மாதவிலக்கைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒரு பெண் கேட்டிருக்கிறார். தயங்கினேன் என்பதே உண்மை. எழுதாமல் விட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது.

'மதுவை விலக்குதல்' என்று விரிப்பதைப் போல இதை 'மாதத்தை விலக்குதல்' என்று விரிக்க முடியாது. மாதந்தோறும் விலகியிருத்தல், இன்னும் சரியாகச் சொன்னால், மாதந்தோறும் விலக்கப்படுதல். விலகுபவர் யார் என்பதைச் சொல் மறைத்துவிடுகிறது. என் பாட்டி அதைக்கூடச் சொல்ல மாட்டார், 'தூரம்' என்பார். குவீன்ஸ்டவுனில் எங்களுடையது மூவறை வீடு. ஒதுங்கி இருப்பதற்குத் திண்ணையோ கொல்லையோ இல்லாத வீடு. ஆகவே சமையலறையின் பின்மூலையில், துணி காயப்போடும் மூங்கில்கள் சாய்த்து வைத்திருந்த சுவருக்குப் பக்கத்தில், என் அத்தைக்கு என்று ஒரு சுருட்டிய பாயும் விளிம்பு நசுங்கிய ஓர் அலுமினியக் குவளையும் இருந்தன. மற்ற நாள்களில் அந்தக் குவளையை யாரும் தொட மாட்டார்கள். ஒருநாள் தாகத்தில் நான் அதில் தண்ணீர் மொண்டு குடித்ததற்குப் பாட்டி என்னைக் குளிக்கச் சொன்னார். அத்தை ஒன்றும் பேசாமல் குவளையைக் கழுவி அதே இடத்தில் கவிழ்த்து வைத்தார்.

அன்று எனக்கு அது தடை என்று தெரிந்தது. அத்தைக்கு என்னவாகத் தெரிந்தது என்று நான் கேட்டதில்லை. சமையலிலிருந்து அவருக்கு அந்த நாள்களில் ஓய்வு கிடைத்தது, அதனால் அது சலுகையே என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் ஏற்க மாட்டேன். மேலே சொன்ன சோதனையை வைத்துப் பார்த்தால், கேட்டுப் பெற்றதுதான் விலக்கு. அத்தை எதையும் கேட்கவில்லை. இப்போது வீட்டிலும் மருத்துவரிடத்திலும் 'மாதவிடாய்' என்கிறோம். அந்த மாற்றம் எனக்கு நிம்மதி தருகிறது.

16 பிப்ரவரி 2025

முதலில் கேட்டவர் மறுபடியும் வந்து, 'லிட்டில் இந்தியாவில் இருப்பது மதுவிலக்குத்தானே' என்கிறார். இல்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1937இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சுப் பொறுப்பில் இருந்தபோது சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971இல் தமிழ்நாடு அதை ஒத்திவைத்தது, 1974இல் மீண்டும் கொண்டுவந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தது, மதுவைச் சமுதாயத்திலிருந்தே அகற்றிவிட வேண்டும் என்னும் கொள்கை. 'உண்ணற்க கள்ளை' என்று வள்ளுவர் சொன்னதன் தொடர்ச்சியாக அதைக் கண்டவர்கள் பலர்.

இங்கே 2015 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள சட்டம், இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தத் தடை என்கிறது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. நேரமும் எல்லையும் குறிக்கப்பட்டிருக்கின்றன. மது இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. நேரமும் எல்லையும் உள்ளதற்குத் 'தடை' பொருந்துகிறது. ஒரு பொருளை முழுதாக அகற்றும் நோக்கத்திற்கு 'விலக்கு' பொருந்துகிறது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு நடந்த காலத்தில் அனுமதிச் சீட்டு வாங்கிக் குடித்தவர்களைக் குறிக்க, 'மதுவிலக்கிலிருந்து விலக்கு' என்று தயக்கமில்லாமல் எழுதலாம். ஒரே தொடரில் சொல் இருமுறை, இரு பொருளில் வருகிறது. படிப்பவருக்கு ஓர் இடறலும் இல்லை, ஏனென்றால் 'இலிருந்து' வெளியே தெரிகிறது.

என் அலுவலகத்தில் உள்ள மலாய் நண்பரிடம் கேட்டேன். அவர்களுக்குத் தடை 'லாராங்ஙான்', வரிவிலக்கு 'பெங்ஙெச்சுவாலியான் சுக்காய்'. இரண்டுக்கும் வேர் வேறு. ஆகவே இந்தச் சிக்கலே அவர்களுக்கு இல்லை.

23 பிப்ரவரி 2025

'கூடாது' என்பதே போதுமே, தடையும் வேண்டாம் விலக்கும் வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அறிவிப்புப் பலகைக்குப் போதும். ஆனால் அதிலும் ஒரு மறைபொருள் உண்டு. 'கூடும்' என்றால் நிகழ வாய்ப்புண்டு. 'கூடாது' என்றால் செய்யாதே. கூடுதல் என்பது சேர்தல், பொருந்துதல். வள்ளுவரின் கூடாநட்பும் கூடாவொழுக்கமும் பொருந்தாத நட்பும் பொருந்தாத ஒழுக்கமும்தான். பொருந்தாது என்று சொன்ன சொல் காலப்போக்கில் செய்யாதே என்று கட்டளையிடும் சொல்லாகிவிட்டது. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்; இங்கே இழுத்தால் பேச்சு திசைமாறும்.

2 மார்ச் 2025, ஞாயிறு

தங்குவிடுதி அறிவிப்பைப் பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். அன்றே மாற்றிக் கொடுத்தேன்: 'ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுக்கூடத்துக்கு வருபவர்கள் பெயர் பதிய வேண்டியதில்லை. நேராக உள்ளே வரலாம்.' முன்பைவிட நீளமாகிவிட்டது; சிவப்புக்குப் பதிலாகப் பச்சை எழுத்தில் அச்சிடச் சொன்னேன். போன வாரம் வேறோர் இடத்திலிருந்து கட்டணச் சலுகை பற்றிய அறிவிப்பு ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. 'கட்டண விலக்கு' என்று கை தானாக எழுதியது. அடித்துவிட்டு, 'மூத்தோருக்குக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு' என்று எழுதி அனுப்பினேன். வரி பெட்டிக்குள் அடங்கவில்லை, சுருக்கித் தர முடியுமா என்று கேட்டார்கள். எழுத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், 'இலிருந்து' இருக்கட்டும் என்று பதில் எழுதினேன்.